கதை சொல்லிக் கடலைக் காட்டியவர்

ஆறுமுகநேரியில் உப்பு விளைவிப்போரும் தூத்துக்குடியில் மூழ்கிச் சங்கெடுப்போரும் கடலை அறியாதவரல்லர். ஆயினும் கடலைப் பற்றிய சாஸ்திரம் நம் ஜனங்களிடையே பரவவில்லை. சாஸ்திரத்தைப் பாமரரிடம் கொண்டு செல்லும் வழியைப் பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்னின் சரித்திரம் காட்டுகின்றது.

1828-ம் வருஷம் நாந்த் என்னும் துறைமுக நகரில் பிறந்த வெர்ன், வக்கீலான தந்தையின் விருப்பப்படி பாரிஸில் சட்டம் பயின்றார். மனமோ நாடகத்தை நாடிற்று. நாடகங்கள் எழுதினார், ஜீவனத்திற்காகப் பங்குச் சந்தையில் உழைத்தார். 1863-ல் வெளிவந்த பலூன் பிரயாணக் கதை அவருக்குப் புகழளித்தது. அதன் பிரசுரகர்த்தரான ஹெட்ஸல், இளைஞருக்குக் கல்வியும் பொழுதுபோக்கும் ஒருங்கே அளிக்கப் பத்திரிகை நடத்தினார். வெர்ன் அதில் எழுதலானார்.

அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி இட்ட கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் 1867-ல் அவர் அமெரிக்கா சென்று மீண்டார். கடலாராய்ச்சி நூல்களைக் கற்று, நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிய தமது பெருங்கதையை 1869, 1870-ம் வருஷங்களில் அப்பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். நீரோட்டம், பவளம், மீனினங்கள் ஆகியவற்றைக் கதைச் சுவையோடு வாசகர் கற்றனர்.

அக்கதையில் மன்னார்க் குடாவும் வருகின்றது. சுறாவின் வாய்ப்பட இருந்த ஏழை இந்தியக் குளியாளைக் கப்பல் தலைவன் நெமோ காக்க முற்படுகிறான். பிழைத்தவனுக்கு ஒரு பை முத்தும் அளிக்கிறான். பின்னர் எழுதிய கதையில், நெமோ 1857-ம் வருஷப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்த இந்திய அரசகுமாரன் என்று வெர்ன் வெளிப்படுத்தினார். நம் கரையை அவர் கண்டதேயில்லை!

1905-ல் வெர்ன் காலமானார். அவர் கதை வாழ்ந்தது. சைமன் லேக் என்னும் அமெரிக்கர் இளமையில் அதைப் படித்த ஆர்வத்தால் நீர்மூழ்கிக் கப்பல் கட்டினார். 1916-ல் அக்கதை சினிமாவாயிற்று. கடலடிக் காட்சிகள் பஹாமாஸ் தீவுகளின் கடலுக்குள்ளேயே படம் பிடிக்கப்பட்டன.

தூத்துக்குடியில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1973-ல் அங்கேயே நம் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உண்டாக்கினர். பாரிலே சிப்பி குறைந்ததேன்? சிப்பிக்குள் முத்து விளைவதெங்ஙனம்? இவற்றைக் கேட்கும் ஆவல் கரையிலுள்ள ஒவ்வொரு சிறுவனுக்கும் எழ வேண்டும். வெறும் பாடப் புத்தகத்தால் அது எழாது. கதையாலும் நாடகத்தாலும் சினிமாவாலும் எழும். நம் குளியாளின் கதையை அன்னியர் ஒருவர் எழுதி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. தமிழ் எழுத்தாளர் இனியும் வாளாவிருத்தல் தகாது.