பாட்டியார்பொருட்டுப் பதவியைத் தாமதித்த லீ மீ

கற்ற இளைஞர் ஒருவருக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைக்குமாயின், அதனைக் குடும்பம் முழுவதும் பெரும்பேறாகக் கருதுதல் இயல்பே. அவ்வுத்தரவு வந்த வேளையில் வீட்டில் ஒரு முதியவர் பிணிவாய்ப்பட்டுக் கிடப்பாராயின் யாது செய்வது? உத்தியோகத்தை ஏற்றால் முதியவர் துணையற்றவராவார். ஏலாதொழிந்தால் எதிர்காலம் கெடுமோ என்னும் அச்சம் உண்டாகும். இத்தகைய இக்கட்டில் அகப்பட்டு, இரு கடமைகளையும் வழுவாது முடித்த சீன தேசத்து அறிஞர் லீ மீ என்பாரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இவர் கி.பி. 224-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இவரது ஊராகிய வூயாங், இப்பொழுது சிச்சுவான் எனப்படும் மாகாணத்தில் உள்ளது. பிறந்த ஆறாம் மாதத்தில் தந்தையை இழந்தார். நான்கு வயதாகியபொழுது, தாய்மாமன் தம் சகோதரியை வற்புறுத்தி மறுமணம் செய்வித்தமையால் தாயையும் பிரிந்தார். உடன்பிறந்தாரும் இல்லை, தந்தைவழிச் சிற்றப்பன் பெரியப்பன்மாரும் இல்லை. தந்தையின் தாயாகிய லியூ அம்மையார் ஒருவரே இவரை எடுத்து வளர்த்தார். குழந்தையோ நோயாளி, ஒன்பது வயது வரையில் நடக்கவும் இயலாதிருந்தார் என்ப.

அத்தகைய பிள்ளை பின்னர்ச் சியாவ் சோவ் என்னும் பேராசிரியரிடம் பயின்று பெரும்புலவராயினார். அக்காலத்து அப்பிரதேசத்தை ஆண்ட ஷூ அரசில் உத்தியோகமும் வகித்தார். 263-ஆம் ஆண்டில் ஷூ அரசு வேய் அரசின் படைக்குத் தோற்று அழிந்தது. 266-இல் வேய் அரசையும் நீக்கி, சிமா யான் என்பவர் ஜின் வமிசத்தை நிறுவிச் சக்கரவர்த்தியாயினார்.

புதிய அரசினர் பழைய நாட்டின் அறிஞர்களைத் தம்பால் இழுக்க விரும்பினர். முதலில் ஜில்லா அதிகாரி லீ மீயைத் தேர்ந்து பரிந்துரைத்தார். பின்னர் மாகாண அதிகாரியும் அவ்வாறே செய்தார். பாட்டியாரைப் பேணுவார் வேறொருவரும் இலர் என்று கூறி இரண்டனையும் லீ மீ மறுத்தார். அதன்பின் சக்கரவர்த்தியே 267-ஆம் ஆண்டில் தலைநகராகிய லோயாங்கில் ஓர் உத்தியோகத்தையும், அதனையடுத்து இளவரசரைச் சார்ந்த உயர்பதவி ஒன்றனையும் அளித்தார். அதற்கும் இவர் இசையாமை கண்டு, தாமதத்தைக் கடிந்து கட்டளை வந்தது. உள்ளூர் அதிகாரிகளும் வாயிலில் நின்று விரைவுபடுத்தினர்.

இங்கே ஒரு பேராபத்து இருந்ததனை நாம் கவனித்தல் வேண்டும். தோற்ற அரசின் பழைய ஊழியர் ஒருவர் புதிய அரசின் பதவியை மறுத்தால், அவர் பழைய அரசனையே உள்ளத்திற் கொண்டுள்ளார் என்னும் ஐயம் எழும். அவ்வையம் உயிருக்கே இறுதியாதலும் கூடும். ஆயினும் பாட்டியார்க்கு அப்பொழுது வயது 96. நெடுங்காலமாகப் படுக்கையிற் கிடந்தார். அவர்க்கு நோய் மிகுந்தபொழுதெல்லாம் லீ மீ உடை களையாது அருகிருந்து, உணவையும் மருந்தையும் தாம் முதலிற் சுவைத்துப் பின்னரே ஊட்டுவார் என்று வரலாறு கூறும்.

ஆகவே லீ மீ சக்கரவர்த்திக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். அதன்கண் தம் குடும்ப நிலைமையை ஒளியாது உரைத்தார். தாம் முன்னரே உத்தியோகத்தை விரும்பிப் பணிபுரிந்தவரென்றும், பழைய அரசின்மேற் பற்றுக் காட்டிப் பெயரெடுக்கும் எண்ணம் தமக்கில்லை என்றும் தெளிவுபடுத்தினார். தமக்கு வயது 44 ஆதலின், அரசர்க்கு ஊழியம் புரியும் நாள் நெடிது. பாட்டியாரைப் பேணும் நாளோ குறுகியது என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர் வாழ்நாள் முடியுமளவும் பொறுத்தருள வேண்டினார்.

பெரியோரைப் பேணுதலை அரசியல் அறமாகக் கொண்டிருந்த ஜின் சக்கரவர்த்தி அதனைப் படித்து மனமிரங்கினார். வேண்டியதை அளித்ததோடு, இரண்டு பணியாட்களை அனுப்பி, பாட்டியாரது உணவிற்கு வேண்டுவனவற்றை உள்ளூர் அதிகாரிகளே உதவுமாறும் ஆணையிட்டார். அம்மையார் காலமாகித் துக்க காலமும் கழிந்தபின், லீ மீ சொன்ன சொல் தவறாது லோயாங் சென்று, முன்னர் அளிக்கப்பட்ட பதவியையே ஏற்றார்.

பிற்காலத்தில் அவர் ஹான்சோங் என்னும் நாட்டுப்பகுதிக்கு அதிகாரியாக்கப்பட்டார். தலைநகரில் உயர்பதவி கிடைக்கவில்லையே என்னும் மனக்குறையைக் கவிதை ஒன்றிற் புலப்படுத்த, சக்கரவர்த்தி சினந்து அவரைப் பதவியினின்றும் நீக்கினார். 287-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே காலமானார். பாட்டியார்பொருட்டுத் தாமதித்ததனால் அவர் ஒன்றையும் இழந்திலர். பதவி பற்றிய மனத்தாங்கலாலேயே பதவியை இழந்தார். இன்று அவர் பெயரை நிலைநிறுத்துவது அவர் வகித்த அதிகாரமன்று; அவ்விண்ணப்பமே. சீனப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதனைப் படித்து வந்துள்ளனர்.

நம் இளைஞர்கள் இதனின்றும் அறியத்தக்கது யாது? உத்தரவு வந்தால் வாளாவிருந்து நாளைக் கடத்தலாகாது; பொய்க் காரணம் புனைதலும் ஆகாது. உள்ளதை உள்ளவாறு எழுதி, எத்துணைக் காலம் வேண்டும் என்பதைக் குறித்து, தவணை முடிந்தவுடன் சென்று சேர்தல் வேண்டும். கேட்ட அவகாசம் எப்பொழுதும் கிடைக்கும் என்று நாம் கூறோம். குடும்பத்தாரும் நோயாளியைப் பேணும் பாரத்தை ஒருவர் தலையிலேயே சுமத்தாது பகிர்ந்துகொள்வாராயின், இத்தகைய இக்கட்டுப் பலருக்கு நேராது. லீ மீக்கு உடன்பிறந்தார் ஒருவரும் இலர். நம் வீடுகளிலோ உறவினர் பலர் உளர். அவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.