தாத்தா பைக்கை ராலி ஷோவுல நிறுத்தப் போறீங்களா? முதல்ல ஜி.டி.நாயுடு கதையைக் கேளுங்க!

கம்பைநல்லூர் பக்கம் தோட்டத்து வீடுகள்ல மாட்டுக்கொட்டகை ஓரமா, தார்ப்பாய் போட்டு மூடின ஒரு பழைய ராஜ்தூத்தோ, ஜாவாவோ, புல்லட்டோ நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. உங்க வீட்டுலயே இருக்கலாம். தாத்தா ஓட்டினது. அதைத் தூசி தட்டி, விண்டேஜ் ராலியில கொண்டுபோய் நிறுத்தி, ஜட்ஜ் சுத்திச் சுத்திப் பார்த்து மார்க் போடுறதை ரசிக்கணும்னு இப்போ உங்களுக்கு ஒரு ஆசை. நல்ல ஆசைதான். ஆனா, அடுத்த நாளே வண்டியைத் தூக்கிட்டுப்போய் குரோம் பூசி, மெட்டாலிக் பெயின்ட் அடிச்சு, எல்.இ.டி லைட் மாட்டிடலாம்னு யோசிக்கிறீங்க பாருங்க... அங்கதான் கொஞ்சம் நில்லுங்க.

நூறு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு பைக்கை வெச்சே தன் தலையெழுத்தை மாத்திக்கிட்ட ஒருத்தர் கோயம்புத்தூர்ல இருந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு. நமக்கு ஜி.டி.நாயுடு.

சூலூர் பக்கத்துல கலங்கல் கிராமம். 1893 மார்ச் 23-ம் தேதி பிறந்தார். பிறந்த கொஞ்ச நாள்லயே அம்மா இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்தே வரலை. வாத்தியார் மேல மண்ணை வாரி எறிஞ்சுட்டு ஓடினவர்னு ஊர்ல இன்னிக்கும் சொல்வாங்க. தொடக்கப் பள்ளியையே தாண்டலை. விவசாயக் குடும்பம், காடு, ஏர், மாடுன்னு போயிருக்க வேண்டிய வாழ்க்கை.

இருபது வயசை ஒட்டி, அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருத்தர் ஓட்டிட்டு வந்த வண்டியைப் பார்த்தார். ரட்ஜ் மோட்டார் சைக்கிள், 1912 மாடல். மாடும் குதிரையும் இழுக்காம தானா ஓடுற வண்டி! இங்கிலாந்துல கோவென்ட்ரி நகரத்துல செஞ்சது. ஒத்தை சிலிண்டர், பின்சக்கரத்தைச் சுத்த சங்கிலிக்குப் பதிலா பெல்ட். ஆயில்கூட தானா போகாது, ஓட்டுறவர்தான் அப்பப்போ கை பம்ப்பை அமுக்கி இன்ஜினுக்கு ஊட்டணும். இப்போ நீங்க பட்டனைத் தட்டினா ஸ்டார்ட் ஆகுதே, அந்தச் சொகுசுக்கெல்லாம் இடமே இல்ல.

நாம பார்த்திருந்தா ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சுட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். அவருக்குத் தூக்கம் போச்சு. ஊரைவிட்டுக் கிளம்பி கோயம்புத்தூர் வந்து, ஒரு ஹோட்டல்ல சர்வரா வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூணு வருஷம் தட்டு எடுத்து, இலை போட்டு, காசைச் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரிகிட்ட போய் அதே வண்டியை வாங்கினார்.

வாங்கினவர் என்ன பண்ணினார் தெரியுமா? ஊரைச் சுத்தலை. நட்டு நட்டா கழட்டினார். முழுசாப் பிரிச்சார், திரும்ப மாட்டினார். மறுபடியும் பிரிச்சார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, புத்தகம் வெச்சுப் படிக்கிற அளவுக்குப் பள்ளிப் படிப்பும் கிடையாது. ஒவ்வொரு பாகமும் எதுக்கு இருக்குன்னு கையாலயே தெரிஞ்சுக்கிட்டார். மெக்கானிக் ஆனது அப்படித்தான். என்னைக் கேட்டா, அவர் பின்னாடி செஞ்ச அத்தனை கண்டுபிடிப்புகளையும்விட இந்தக் காட்சிதான் பெருசு.

இதுக்கும் உங்க ஷோவுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு. டெல்லியில ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை 1964-ல விண்டேஜ் ராலி ஆரம்பிச்சது. அதுமாதிரி ராலிகள்ல ஜட்ஜ் தேடுறது பளபளப்பை இல்ல, அசலை. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் கம்பெனி கணக்கோட பொருந்துதா, அந்த வருஷத்துல கம்பெனி குடுத்த கலர்தானா, கார்புரேட்டர், மேக்னெட்டோ, ஹெட்லைட், சீட், கேபிள் எல்லாம் அந்தக் காலத்ததா... குனிஞ்சு பார்த்து, இல்லாததுக்கு மார்க்கைக் குறைப்பாங்க. டிஸ்க் பிரேக் போட்டீங்கன்னா முடிஞ்சது கதை. அப்புறம், வண்டி ஸ்டார்ட் ஆகணும். டெம்போவுல ஏத்திட்டு வந்து இறக்கிவெச்ச பொம்மைக்கு மரியாதை கம்மி. வண்டியைப் பத்தி ஏதாவது கேட்டா பதில் உங்க வாயிலேருந்து வரணும், மெக்கானிக் அண்ணன் வாயிலேருந்து இல்ல. அதனால கழட்டும்போது பக்கத்துல உக்காருங்க. கழட்டுற வரிசையில போட்டோ எடுங்க. பழைய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீங்க.

சட்டமும் அதையேதான் சொல்லுது. 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டின, பெரிய மாற்றம் செய்யாத டூவீலரை விண்டேஜ் வண்டியா பதிவு செய்யலாம். நம்பர்ல வி.ஏ. எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய். ஆனா, தினமும் சந்தைக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. ராலி, கண்காட்சின்னாதான் வெளிய எடுக்கலாம். தாத்தா வண்டியை ரோட்டுல ஓட்டணுமா, ஷோவுல நிறுத்தணுமான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. ரெண்டும் வேணும்னா சிக்கல்.

சரி, நாயுடுகிட்ட வருவோம். பருத்தித் தொழில்ல இறங்கி, பம்பாய் வரைக்கும் போய் கையைச் சுட்டுக்கிட்டார். ஊருக்குத் திரும்பினவருக்குத் துணையா நின்னவர் ராபர்ட் ஸ்டேன்ஸ், கோவையில ஆலை நடத்தின ஆங்கிலேயர். அவர் கடனா குடுத்த பணத்தோட 1920-ல ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி - பழனி ரூட்ல தானே ஓட்டினார் நாயுடு. ஒரு பஸ் பல பஸ் ஆச்சு, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். ஆச்சு. ஹோட்டல்ல இலை போட்ட கை, சில வருஷத்துல நாட்டுலயே சிறப்பா நடந்த பஸ் கம்பெனிகள்ல ஒண்ணை நடத்துச்சு.

அப்புறம் நடந்ததை எழுதினா இந்தப் பக்கம் பத்தாது. பேட்டரியில ஓடுற சவர ரேஸர் செஞ்சார், ரேசன்ட்னு பேரு. அவர் செஞ்ச பிளேடு ஜெர்மனி கண்காட்சியிலயே பரிசு வாங்குச்சு. அதாவது, தன் பொருளை ஜட்ஜ் முன்னாடி நிறுத்தின அனுபவம் அவருக்கும் உண்டு. 1937-ல பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவுலயே முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். 1941-ல அஞ்சு வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும்னு செஞ்சு காட்டினார். தேர்தல்லயும் நின்னு பார்த்தார், தோத்தார். 1945-ல கோவையில பாலிடெக்னிக்கும் இன்ஜினீயரிங் காலேஜும் வர்றதுக்குக் காரணமா இருந்து, முதல்வராவும் உக்காந்தார். இன்ஜினீயரிங் படிக்க நாலு வருஷம் எதுக்கு, ரெண்டு வருஷம் போதுமேங்கிறது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கலை, அவர் விலகிட்டார். பள்ளிக்கூடத்துலேருந்து ஓடின பையன், காலேஜ்லேருந்தும் வெளிய வந்துட்டார்!

எனக்கு ஆறவே ஆறாத இடம் 1952. ரெண்டு பேர் உக்கார்ற பெட்ரோல் கார் ஒண்ணு செஞ்சார். விலை 2,000 ரூபாய்தான். தயாரிக்க அரசாங்க லைசென்ஸ் கிடைக்கலை. அந்தக் கார் அத்தோட நின்னுபோச்சு. வரிக் கொள்கை மேல இருந்த கோபத்துல, தான் செஞ்ச பொருட்களைப் பொதுமக்கள் கண்ணு முன்னாடியே போட்டு உடைச்சவர் அவர். ஒரு பைக்கைக் கழட்டி மாட்டவே மூணு வருஷம் இலை போட்ட மனுஷன், தன் கையால செஞ்சதைத் தானே உடைக்கணும்னா உள்ளுக்குள்ள எவ்வளவு வலிச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவர் செஞ்சது சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் கோயம்புத்தூர் டீக்கடையில சண்டை நடக்கும். அந்தச் சுத்தியலைப் பிடுங்கி வெச்சிருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது.

1974 ஜனவரி 4-ம் தேதி இறந்தார். அவர் செஞ்ச கருவிகளை அவிநாசி ரோட்டுல இருக்கிற மியூசியத்துல வெச்சிருக்காங்க. பழைய கார்களுக்குன்னே ஒரு தனி மியூசியமும் அங்க இருக்கு. அந்தக் கால வண்டியோட அசல் பெயின்ட், விளக்கு, சீட் எப்படி இருக்கும்னு கண்ணால பார்த்துக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கம்பைநல்லூர்லேருந்து சேலம், பவானி, பெருந்துறை வழியா 200 கிலோமீட்டருக்கு மேல இருக்கும். விடியக்காலையில கிளம்பினா ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம். ஒண்ணே ஒண்ணு, அவிநாசி ரோட்டுல 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு புது மேம்பாலம் வந்திருக்கு. அதுக்கும் அவர் பேர்தான். ஆர்வத்துல அதுமேல ஏறிடாதீங்க, மியூசியம் கீழயே போயிடும்.