பக்கத்துக் கம்பெனி நாடகம் பார்த்த காலேஜ் பையன்

நம்ம நாடகக் குழுவில் ரெண்டு வாரமா ஓடுற சண்டை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். வேறொரு காலேஜ் பசங்க போட்ட நாடகத்தைப் பார்த்துட்டு வந்து, அதே மாதிரி பத்துப் பேரும் மேடையை விட்டு இறங்காமலே நடிக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். அது காப்பின்னு பாதிப் பேர், கத்துக்கிறதுன்னு மீதிப் பேர். இந்தச் சண்டை நமக்கு முன்னாடியே ஒருத்தர் வாழ்க்கையில் நடந்து முடிஞ்சிருக்கு. அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதிட்டு மறந்திருப்பீங்க: பம்மல் சம்பந்த முதலியார்.

1873-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா விஜயரங்க முதலியார் படித்தவர், தமிழ்ப் புத்தகங்கள் பதிப்பித்தவர். வீடு முழுக்கப் புத்தகம். ஆனால் தமிழ் நாடகம் என்றால் பையனுக்கு இளக்காரம். அந்தக் காலத்துப் படித்த குடும்பங்களில் அது சகஜம். கூத்தாடிப் பிழைப்பு என்பது வசவு. மேடை ஏறுகிறவனுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதே கஷ்டம். பின்னால் தமிழ் நாடகத் தந்தை என்று பெயர் எடுக்கப் போகிறவர், பதினெட்டு வயது வரை அந்தப் பக்கம் மதித்துத் திரும்பியவர் இல்லை.

1891-ல் அவர் மாநிலக் கல்லூரி மாணவர். அப்போதுதான் பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்குக் குழு வந்து விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் போட்டது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகையை ஒட்டி இன்னும் நிற்கிற அந்தச் சிவப்புக் கட்டடம்தான். குழுவின் பெயர் சரச விநோதினி சபா. நடத்தியவர் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார், தொழிலில் வக்கீல். நடித்தவர்களும் படித்தவர்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு, ஆசைக்காக மேடை ஏறியவர்கள்.

இதில் சம்பந்தத்தை அசைத்தது எது என்று யோசித்துப் பாருங்கள். கதையோ பாட்டோ அல்ல என்று நினைக்கிறேன். படித்தவன் வேஷம் கட்டலாம், கட்டினாலும் மரியாதை போகாது என்பதை ஒருத்தர் தன் உடம்பால் நிரூபித்துக் காட்டியதுதான். அதே வருஷம் ஜூலை 1-ஆம் தேதி, நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபாவை ஆரம்பித்துவிட்டார். பெயரைப் பாருங்கள், விநோதினிக்கு பதில் விலாசம். இதைக் காப்பி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆரம்பித்த உடனே அரங்கேற்றம் ஆகிவிடவில்லை. அவர் எழுதிய புஷ்பவல்லி மேடைக்கு வந்தது 1893-ல். நடுவில் இருந்ததெல்லாம் ரிகர்சல். நாம மூணு வாரத்தில் முடிச்சிடலாம்னு பேசிட்டிருக்கோம், அது வேற கதை.

அவருக்குப் பிடித்த இன்னொரு குழு நம்ம பக்கத்திலிருந்து போனது. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி. மராத்தியர் ஆட்சி முடிந்த பின்னும் தஞ்சையில் மராத்தி பேசுகிறவர்கள் நிறைய இருந்ததால், வடக்கே புனா பக்கத்துக் குழுக்கள் இங்கே வந்து நாடகம் போடும். அதைப் பார்த்து வளர்ந்த ராவ், தமிழில் தன் கம்பெனியைக் கட்டினார். அது சென்னைக்குப் போனபோது சம்பந்தம் பார்த்தார், ராவின் நடிப்பில் மயங்கினார். ஆக, புனா குழு தஞ்சாவூருக்கு, தஞ்சாவூர்க் குழு சென்னைக்கு. யார் யாரைக் காப்பி அடித்தார்கள் என்று இப்போது சொல்லுங்கள். (கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டும் வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்க ஸ்பெஷல் ரயிலே விட்டார்கள் என்று சொல்வார்கள். நன்னிலத்துக்காரர்கள் எத்தனை பேர் ஏறினார்களோ! அதைத் தனியாகத்தான் எழுதணும்.)

பார்சிக் கம்பெனிகளிடமிருந்து திரைச்சீலையும் காட்சி ஜோடனையும் வந்தன. ஷேக்ஸ்பியர் புத்தகமாக வந்தார். ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்தன் ஆனது, வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகன் ஆனது. இப்படி எடுத்துக்கொண்டே இருந்தவர், ஒன்றை மட்டும் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. அன்றைய கம்பெனி நாடகங்களில் பாட்டுதான் எழுதி இருக்கும், வசனத்தை நடிகரே அங்கங்கே இட்டுக்கட்டிப் பேசுவார், விடிய விடிய ஓடும். சம்பந்தம் உரைநடையில் ஒரு வரி விடாமல் எழுதினார். எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்து வரச் சொன்னார். பாட்டைக் குறைத்தார். நாடகம் சில மணி நேரத்தில் முடிந்தது. நேரத்துக்கு ஆரம்பிக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். சபாவில் யாருக்கு எது வரும் என்று பார்த்து, அவர்களை மனசில் வைத்துப் பாத்திரம் எழுதினார். ஹீரோவுக்கு ஒரு நாடகம் என்றில்லாமல் குழுவுக்கு ஒரு நாடகம்.

1895-ல் வந்த மனோகரா அப்படி எழுதியதுதான். அவர் மனோகரன், நண்பர் ரங்கவடிவேலு விஜயாள். பெண் வேஷங்களை ஆண்களே கட்டிய காலம், ரங்கவடிவேலு அதில் பெயர் பெற்றவர். இருவரும் பல வருஷம் ஜோடியாக நடித்தார்கள். 1923-ல் ரங்கவடிவேலு இறந்தது சம்பந்தத்துக்குப் பெரிய அடி. குழு நாடகத்தில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒருத்தர் போனால் அந்த இடத்தில் இன்னொருத்தரை நிறுத்தலாம், எதிரில் நிற்கிறவருக்கு அது அதே நாடகமாக இருக்காது.

இதற்கிடையில் வக்கீல் ஆகி, 1924-ல் சென்னை சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியும் ஆனார். பகலில் தீர்ப்பு, சாயங்காலம் ஒத்திகை. பல்லாரி வக்கீல் கொடுத்த தைரியம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்.

அப்புறம் காற்று திசை மாறியது. எந்தத் தொழில்முறைக் கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்தாரோ, அவர்களே மனோகராவைப் போட ஆரம்பித்தார்கள். அவரும் சும்மா கொடுக்கவில்லை, அனுமதி வாங்கிப் பணம் கட்டணும். டி.கே. சண்முகம் சின்னப் பையனாக மனோகரன் வேஷம் கட்டியபோது, அவரே வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1954-ல் சிவாஜி சங்கிலியை அறுத்த படம் நீங்க பார்த்திருப்பீங்க, அதே மனோகராதான். 1941-ல் ஏவி.எம் எடுத்த சபாபதியும் அவர் நாடகம். இலங்கையில் கலையரசு சொர்ணலிங்கம் இவரையே குருவாக வைத்துத் தமிழ் நாடகம் வளர்த்தார்.

1959-ல் பத்மபூஷண் வந்தது. 1964 செப்டம்பரில், 91 வயதில் காலமானார். தான் பார்த்த ஒவ்வொரு குழுவிடமும் என்ன கற்றேன் என்பதை நாடக மேடை நினைவுகள் என்று ஆறு பாகமாக அவரே எழுதி வைத்திருக்கிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்குது. முதல் பாகத்தை மட்டும் புதன்கிழமை ரிகர்சலுக்கு முன்னாடி படிச்சுட்டு வாங்க, மேடையில் எத்தனை பேர் நிற்கிறதுன்னு அன்னைக்குப் பேசி முடிச்சிடலாம்.