கல்லைத் தேடி நடந்த வெள்ளைக்காரர்

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் மரத்தைப் பார்ப்பார்கள். வானத்தைப் பார்ப்பார்கள். நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டுவார்கள். காலடியில் கிடக்கும் கல்லை யார் பார்க்கிறார்கள்?

செங்கல்பட்டுச் சீமையிலோ கல்லையும் பார்க்கத்தான் வேண்டும். மதுராந்தகம் வட்டாரத்தில் சாணூர் என்று ஓர் ஊர். அங்கே வட்டம் வட்டமாகக் கல் நட்ட பழைய கல்லறைகள் இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டில் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். பானைகள் கிடைத்தன. இரும்புக் கருவிகள் கிடைத்தன. இப்படிப்பட்ட குழிகளைப் பாண்டு குழி என்று நம் கிராமத்து மக்கள் சொல்வார்கள். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடம் என்பது அவர்கள் நம்பிக்கை. உண்மையில் அவை 2,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மக்களின் சமாதிகள்.

அவற்றை விடப் பன்மடங்கு பழைய பொருள் ஒன்று உண்டு. அது கிடைத்த இடம் காடும் அல்ல, மலையும் அல்ல. வேடந்தாங்கலில் இருந்து சென்னைக்குத் திரும்பும்போது, தாம்பரம் தாண்டியதும் வருமே, அந்தப் பல்லாவரம்!

அங்கே ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். இந்த நாட்டில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்ற கணக்கையே அந்தக் கல் மாற்றிவிட்டது. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் பூட்.

சென்னைக்கு வந்தார்

பூட் இங்கிலாந்துக்காரர். செல்டன்ஹாம் என்ற ஊரில் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பிறந்தார். 24 வயதில் இந்தியாவில் அவருக்கு வேலை கிடைத்தது. இந்திய மண்ணியல் ஆய்வு இலாகாவில் உத்தியோகம். பூமிக்குள் எங்கே என்ன பாறை இருக்கிறது, நிலக்கரி உண்டா, இரும்பு உண்டா, தங்கம் உண்டா என்று பார்த்துப் படம் வரைவதுதான் அந்த இலாகாவின் வேலை. பூட் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்.

அந்த வேலைக்கு நாற்காலி இல்லை. கூடாரம்தான் வீடு. இன்று ஒரு தோப்பு, நாளை ஓர் ஏரிக்கரை. ஓடை எங்கே மண்ணை அறுத்திருக்கிறதோ, கிணறு எங்கே வெட்டுகிறார்களோ, அங்கே போய் நின்று மண் அடுக்கைப் பார்க்க வேண்டும். மேலே என்ன மண், அதற்குக் கீழே என்ன மண் என்று எழுத வேண்டும். பாலாற்றுக்கு வடக்கே உள்ள பகுதியை எல்லாம் அவர் இப்படித்தான் பார்த்து எழுதினார். பூட்டுக்குப் படம் வரையும் திறமையும் இருந்தது. இந்த வேலைக்கு அது மிகவும் உதவியது.

சென்னையில் அவர் மணந்தது யாரை தெரியுமா? பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை! யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் உதவியோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தாரே, அதே பெர்சிவல்தான். பிறகு சென்னைக்கு வந்து ‘தினவர்த்தமானி’ என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தியவரும் அவரே. மாமனார் தமிழ்ப் பழமொழிகளைத் தேடிச் சேர்த்தார். மருமகன் கற்களைத் தேடிச் சேர்த்தார்.

பிரான்சில் இருந்து வந்த செய்தி

அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் நாட்டில் அபெவில் என்ற ஊரில் சுங்க அதிகாரி ஒருவர் இருந்தார். பூஷே தெ பெர்த் என்பது அவர் பெயர். ஆற்றுச் சரளையில் கிடைத்த சில கற்களை, மனிதன் கையால் செதுக்கிய ஆயுதங்கள் என்று அவர் சொன்னார். அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு அவை கிடைக்கின்றன, ஆகவே மனிதன் மிகப் பழையவன் என்றும் சொன்னார். பலர் சிரித்தார்கள். 1859-ல் இங்கிலாந்து அறிஞர்கள் நேரே போய்ப் பார்த்தார்கள். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்தச் செய்தி பூட்டின் மனத்தில் பதிந்துவிட்டது. அங்கே இருந்தால் இங்கே ஏன் இருக்கக் கூடாது? நடக்கும்போதெல்லாம் சரளைக் கற்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

1863-ஆம் ஆண்டு மே 30-ந் தேதி. கத்திரி வெயில் காலம். பல்லாவரத்தில் அப்போது பட்டாளம் இருந்தது. அந்தத் திடலின் பக்கத்தில் ஒரு சரளைக் குழி. செம்மண் சரளையை வெட்டி எடுத்து வெளியே கொட்டி வைத்திருந்தார்கள். அந்தக் குவியலில் ஒரு கல் பூட்டின் கண்ணில் பட்டது.

எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்திருந்தது. கையில் பிடிக்க வாகாக இருந்தது. தானாக உடையும் கல் ஒழுங்கில்லாமல் உடையும். இதுவோ ஒரு வடிவத்தை மனத்தில் வைத்து, மறு கல்லால் தட்டித் தட்டிச் செய்தது. செய்தவன் மனிதன்!

வழியோடு போகிறவர்களுக்கு அது வெறும் சரளை. எத்தனை பேர் அந்தக் குவியலை மிதித்துப் போயிருப்பார்கள்! பூட்டுக்கு அப்போது வயது 28. இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை இன்னதென்று அறிந்து எடுத்த முதல் ஆள் அவர்தான்.

ஓர் ஓடை

ஒரு கல்லை வைத்து உலகத்தை நம்பவைக்க முடியுமா? பூட் மேலும் தேடினார். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ந் தேதி, தம் இலாகா நண்பர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றின் பக்கத்தில் உள்ள ஊர் அது. அங்கே ஓர் ஓடையில் கற்கருவிகள் நிறையக் கிடைத்தன. கைக்கோடாரிகள், வெட்டும் கருவிகள், செதில்கள். எல்லாம் குவார்ட்சைட் என்னும் கெட்டியான கல்லால் ஆனவை. மழை நீர் ஓடைக் கரையை அறுத்தபோது உள்ளே புதைந்திருந்தவை வெளியே வந்திருக்கின்றன.

இங்கேதான் பூட்டின் பெருமை இருக்கிறது. கல் கிடைத்தது என்று அவர் பையில் போட்டுக்கொண்டு போய்விடவில்லை. எந்த ஊர், எந்த ஓடை, எந்த மண் அடுக்கு என்று குறித்துக்கொண்டார். கருவி மண்ணுக்கு மேலே கிடந்ததா, அடுக்குக்குள் புதைந்திருந்ததா என்று எழுதினார். அந்தக் குறிப்பு இருந்ததால்தான், 1866-ல் அவர் கட்டுரை எழுதி வெளியிட்டபோது அறிஞர்கள் அதை மதித்தார்கள்.

இன்று சில பேர் மெட்டல் டிடெக்டர் என்ற கருவியை வைத்துக்கொண்டு பழைய காசு தேடுகிறார்கள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அது சத்தம் போடும். உடனே தோண்டிக் காசை எடுத்துவிடுவார்கள். பூட் தேடிய கல்லுக்கு அது சத்தம் போடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காசு மட்டும் வந்துவிடும். அதன் பக்கத்தில் இருந்த பானை ஓடு என்ன, எந்த அடுக்கில் கிடந்தது, கூட என்ன இருந்தது என்பதெல்லாம் அந்த நொடியிலேயே அழிந்துவிடும். பிறகு எவ்வளவு பெரிய பண்டிதர் வந்தாலும் அந்தக் காசு அங்கே வந்த கதையைச் சொல்ல முடியாது. நூறு ரூபாய்க்கு விற்கலாம், அவ்வளவுதான்.

மாமல்லபுரக் கடற்கரையில் நடந்ததைப் பாருங்கள். 2004-ல் சுனாமி வந்து போன பிறகு, சாளுவன்குப்பத்தில் பாறையில் இருந்த பழைய கல்வெட்டு வெளிப்பட்டது. தொல்பொருள் துறையார் வந்து, முறையாக, அடுக்கடுக்காகத் தோண்டினார்கள். மணலுக்குள் ஒரு பழைய முருகன் கோயிலே இருந்தது! கண்டவர் கண்ட இடத்தில் கடப்பாறை போட்டிருந்தால் செங்கல் துண்டுதான் மிஞ்சியிருக்கும்.

சட்டமும் இதற்கு உண்டு. பழைய சட்டம், 1878-ல் வந்தது. மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை.

ஊர் ஊராக

பூட் 33 ஆண்டுகள் அந்த இலாகாவில் உழைத்தார். தெற்கே தேரி மணலில் இருந்து வடக்கே கர்நாடகம் வரை நடந்தார். தார்வார் பாறைத் தொடரைப் பிரித்துக் காட்டி, தங்கம் தேடுவோருக்கு வழி சொன்னார். பெல்லாரிப் பக்கத்தில் சாம்பல் மேடுகள் பல உண்டு. அவை என்ன என்று பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். பழங்கால மக்களின் மாட்டுப்பட்டியில் சேர்ந்த சாணம் எரிந்த சாம்பல் என்று பூட் கண்டார். பின்னால் செய்த ஆராய்ச்சி அவர் பக்கமே நின்றது.

கர்னூல் பக்கத்துக் குகைகளில் 1884-ல் அவர் தோண்டினார். பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த அவருடைய மகன் ஹென்றியும் அதில் சேர்ந்துகொண்டார்.

1891-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான்! பரோடா சமஸ்தானத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் வேலை பார்த்தார். ஏற்காட்டில் வீடு அமைத்துக்கொண்டார். அங்கேயும் கல்லை விடவில்லை.

இப்படி 400-க்கு மேற்பட்ட இடங்களில் இருந்து அவர் கருவிகளையும் பானை ஓடுகளையும் சேர்த்திருந்தார். அவற்றைச் சீமைக்குக் கொண்டு போயிருக்கலாம். பிரித்துப் பிரித்து விற்றிருக்கலாம். 1904-ல் எல்லாம் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. அதன் பிறகு முதியவர் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதினார். அந்தப் பட்டியல் அச்சானதை அவர் பார்க்கவில்லை. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். அப்போது வயது 78. பட்டியல் 1914-லும், அதன் விளக்கக் குறிப்புகள் 1916-லும் வெளிவந்தன. ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் அவருடைய நினைவுக்கல் இருக்கிறது.

வயது தெரிந்தது

தாம் எடுத்த கல்லுக்கு வயது எத்தனை? பூட்டால் அதைச் சொல்ல முடியவில்லை. மிகப் பழையது என்று மட்டும் அறிந்திருந்தார். அதை அளக்கும் வித்தை அந்தக் காலத்தில் இல்லை.

1999-ல் சாந்தி பப்பு என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் தோண்டத் தொடங்கினார்கள். பூட் குறித்து வைத்த அதே இடம்தான். வானத்தில் இருந்து வரும் ஒருவகைக் கதிர்கள் தரையில் கிடக்கும் கல்லில் ஓர் அடையாளத்தை ஏற்படுத்தும். கல் ஆழப் புதைந்துவிட்டால் அந்த அடையாளம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் எப்போது புதைந்தது என்று கணக்கிடலாம். அப்படி அளந்தார்கள். 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். அடியில் இருந்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது!

இன்றைய மனித இனம் தோன்றுவதற்கு மிகவும் முந்தைய காலம் அது. கைக்கோடாரியைத் தட்டிச் செய்தவர்கள் நம் இனத்துக்கு முந்தைய ஆதி மனிதர்கள். அதே இடத்தில் மேல் அடுக்கில் வேறு வகைக் கருவிகள் கிடைத்தன. சிறியவை, நுட்பமானவை. அவை 3,85,000 ஆண்டு பழையவை என்று 2018-ல் அறிவித்தார்கள். கீழ் அடுக்கு, மேல் அடுக்கு என்று கலையாமல் இருந்ததால்தான் இரண்டு காலமும் தனித்தனியாகத் தெரிந்தன.

இந்தக் கருவிகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர் திருவள்ளூர் வழியாகப் பூண்டிக்குப் போகலாம். நீர்த்தேக்கத்தின் அருகே தமிழக அரசின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. அத்திரம்பாக்கம் அங்கிருந்து பக்கம்தான்.