கல் தேடிய கண்

தொண்டை நாட்டின் வடபால் திருவள்ளூர் மாவட்டம் உள்ளது. அதன் கீழைப் பகுதியாகிய கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கி வார்க்கும் ஆலைகளும் பிற தொழிற்கூடங்களும் நெருங்கி நிற்கின்றன. பொழுது புலர்ந்ததும் எண்ணற்ற தொழிலாளர் அங்கே கருவிகளைக் கையில் எடுக்கின்றனர். அம்மாவட்டத்தின் மேலைப் பகுதியில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அணித்தாக, கொற்றலையாற்றை ஒட்டி அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. கொற்றலையாற்றை மக்கள் கொசத்தலையாறு என்று வழங்குவர். ஆரவாரம் சிறிதும் இல்லாத அவ்வூரின் ஓடைக்கரையும் ஒரு காலத்தில் தொழிற்கூடமாகவே விளங்கியது. இரும்பு என்பதையே அறியாத மாந்தர் அங்கே அமர்ந்து, கல்லைக் கல்லால் தட்டிக் கருவி செய்தனர். இதனை முதன்முதல் கண்டு உலகுக்கு உணர்த்தியவர் இராபர்ட் புரூசு பூட் என்னும் ஆங்கில அறிஞர்.

பூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டனம் என்னும் ஊரில் பிறந்தார். இருபத்து நான்கு வயது நிரம்பிய நிலையில், 1858ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியேற்றார். அத்துறை தோன்றி அப்பொழுது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஊர் ஊராகச் சென்று, எங்கெங்கே எவ்வகைப் பாறை உள்ளது, எந்தப் படிவின்மேல் எந்தப் படிவு கிடக்கின்றது என்று ஆராய்ந்து நிலப்படத்தில் குறிப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. நிலக்கரியும் பொன்னும் இரும்பும் எங்கே கிடைக்கும் என்பதை அறிய அரசு விரும்பியது. கற்கால மனிதனைத் தேடுமாறு அவரை எவரும் பணிக்கவில்லை.

அவ்வாறாயின், அத்தேட்டம் அவருக்கு எவ்வாறு உண்டாயிற்று? பிரான்சு நாட்டில் சொம் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில், மிகப் பழைய சரளைப் படிவுகளுக்குள்ளே மனிதர் செய்த கற்கருவிகள் கிடப்பதாகப் பூசே த பெர்த் என்பவர் நெடுநாள் கூறிவந்தார். அதனைப் பலர் நம்பவில்லை. 1859ஆம் ஆண்டில் பிரெசுட்விச்சு, எவன்சு என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நேரில் சென்று பார்த்து, அவர் கூற்று மெய்யே என்று அறிவித்தனர். மனித இனத்தின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று எண்ணியிருந்தோர் திகைத்தனர். அச்செய்தி சென்னையில் இருந்த பூட்டுக்கும் எட்டியது. ஐரோப்பாவில் உள்ளது இந்நாட்டிலும் இருத்தல் கூடுமே என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது. நாடோறும் பாறையையும் மண்ணையும் பார்த்தே ஆகவேண்டிய தொழில் அவருடையது. அவ்வாறு பார்க்கையில், மனிதன் கைபட்ட கல் ஏதேனும் உண்டா என்று உடன்பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டார். இவ்வழக்கத்துக்குத் தனியே ஒரு நாழிகையும் ஒதுக்க வேண்டியதில்லை அன்றோ!

1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படைவீரர் பயிலும் திடலுக்கு அருகே சரளை வெட்டிய பள்ளம் ஒன்றை அவர் பார்வையிட்டார். அள்ளி எறியப்பட்டிருந்த கற்குவியலில் ஒரு கல் அவர் கண்ணைக் கவர்ந்தது. மற்றவர் கண்ணுக்கு அது வெறும் உடைந்த கல். பூட் அதனைத் திருப்பிப் பார்த்தார். இரு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்தெடுத்த தழும்புகள் இருந்தன. தானாக உடைந்த கல் அவ்வாறு ஒழுங்காக உடைவதில்லை. அது மனிதன் செய்த கருவி என்று தெளிந்தார். இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

வேறொருவராயின், கிடைத்த கல்லை மேசைமேல் வைத்து, வருவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்து அவ்வளவில் நின்றிருப்பர். பூட் அக்கல்லில் ஒரு குறை கண்டார். அது பள்ளத்திலிருந்து வெளியே எறியப்பட்ட குவியலில் கிடந்தது. எந்தப் படிவில் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதற்குச் சான்றில்லை. நேற்று ஒருவன் செய்து போட்டது என்று ஒருவர் மறுப்பின் என்ன விடை கூறுவது? ஆகவே, படிவுக்குள் பதிந்தபடியே கருவிகளைக் காணவேண்டும் என்று உறுதி பூண்டார். அவருடைய குறிக்கோள் அன்றே தெளிவான வடிவம் பெற்றது எனலாம். ‘பழமையை ஆராய்வேன்’ என்று பொதுவாக எண்ணுவது எளிது. ‘இன்ன வகைக் கல்லை, இன்ன படிவுக்குள் காண்பேன்’ என்று வரையறுத்துக்கொள்வது அரிது.

நான்கு திங்கள் சென்றன. செப்டம்பர் மாத இறுதியில், உடன்பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரோடு பூட் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். அங்கே ஓடைநீர் கரையை அரித்து அரித்து மண் அடுக்குகளை வெட்டிக் காட்டியது போல வைத்திருந்தது. செம்பூறாங்கல் சரளைப் படிவினுள் கைக்கோடரிகள் பதிந்திருப்பதை இருவரும் கண்டனர். ஒன்றிரண்டு அல்ல, ஓடைப் படுகையிலும் ஏராளமாகக் கிடந்தன. ஐரோப்பாவில் இத்தகைய கருவிகளைப் பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல்லில் செய்தனர். இப்பகுதியிலோ அது கிடைப்பதில்லை. அல்லிக்குழி மலைப்பகுதியிலிருந்து உருண்டு வந்த குவார்ட்சைட்டு என்னும் வன்கல்லை இங்கிருந்த மாந்தர் பயன்படுத்தினர். கல் வேறு; கை வினை ஒன்றே. கண்டவற்றைப் பூட் 1866ஆம் ஆண்டில் சென்னையில் வெளிவந்த ஆராய்ச்சி இதழில் விரிவாக எழுதினார். 1868ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியல் கழகத்தின் இதழிலும் எழுதினார். உலக அறிஞர் தென்னாட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தனர்.

பூட்டின் இல்வாழ்க்கை பற்றித் தமிழ் மாணவர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்த பேர்சிவல் பாதிரியாரின் மகளையே அவர் மணந்தார். பேர்சிவல் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்து அச்சிட்டவர். மாமனார் மக்கள் வாய்மொழியில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டினார். மருமகனார் மண்ணில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டினார்.

அரசுப் பணியில் பூட் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்தார். பெரும்பகுதி தென்னாட்டிலேயே கழிந்தது. சாலைகளும் புகைவண்டியும் குறைந்திருந்த அக்காலத்தில், வெயிலிலும் முட்காட்டிலும் நடந்து பாறைகளை ஆராய்வது எளிதன்று. கருநாடக நாட்டின் பழம்பாறைத் தொகுதிக்குத் தார்வார்த் தொகுதி என்று பெயர் சூட்டியவர் அவரே. கர்நூல்ப் பகுதியில் பில்லசுர்க்கம் என்னும் குகைகளை ஆராய்ந்தார். அங்கே அவருடைய மகனாரும் அகழ்ந்து உதவினார். பெல்லாரிப் பகுதியில் உள்ள சாம்பல் மேடுகளை எரிமலைச் சாம்பல் என்று சிலர் கருதியிருக்க, அவை புதிய கற்கால மக்கள் வளர்த்த கால்நடைகளின் சாணம் எரிந்த சாம்பலே என்னும் கருத்தை வலியுறுத்தினார். 1891ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவே! 1894ஆம் ஆண்டில் மைசூர் அரசு நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதனை நடத்தும் பொறுப்பை ஏற்றார். பரோடா அரசின் நிலவியலை ஆராய்ந்து நூலெழுதினார். சென்ற இடமெல்லாம் கல் தேடும் வழக்கமும் உடன் சென்றது.

எனினும், பொறுக்குவது ஒன்றே அவர் வழக்கம் என்று கருதிவிடலாகாது. ஆற்றங்கரையில் கல் பொறுக்காத சிறுவர் உண்டோ? எடுத்த ஒவ்வொன்றும் எந்த மாவட்டத்தில், எந்த ஊரில் கிடைத்தது என்பதை அவர் விடாது குறித்தார். நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்தவற்றை அவ்வாறு குறித்துவைத்தார். கல்லைக் காண்பதில் இன்பம் உண்டு. குறிப்பு எழுதுவதில் அத்துணை இன்பம் இல்லை. பகலெல்லாம் அலைந்தவன் விளக்கின்முன் அமர்ந்து எழுத வேண்டும். அன்றைக்கு அதனால் ஒரு பயனும் தோன்றாது. இடம் அறியாத கல் நூறு இருப்பினும் ஆராய்ச்சிக்கு உதவாது என்பதைப் பல்லாவரத்தில் கிடைத்த கல்லே அவருக்குக் கற்பித்திருந்தது போலும்.

அவர் கருத்துகள் எல்லாம் நிலைத்தன என்று கூறுவதற்கில்லை. சென்னையைச் சூழ்ந்த செம்பூறாங்கல் படிவு கடலால் படிந்தது என்று கருதினார். பின்வந்தோர் அதனை ஏற்கவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனிதர் வாழ்ந்த தடயமே இல்லாத நெடிய இடைவெளி ஒன்று இருந்தது என்றார். நுண்கற்கருவிகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் அதனையும் மாற்றின. ஆயினும், பிழையைத் திருத்தியவர்கள் அவர் குறித்துவைத்த இடங்களுக்கே சென்று திருத்தினர்.

முதுமையில் பூட் சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் குடியிருந்தார். நாற்பது ஆண்டுகளாகத் திரட்டிய கற்கருவிகளையும் மட்பாண்டங்களையும் 1904ஆம் ஆண்டில் சென்னை அரசு விலைகொடுத்து வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்த்தது. பொருளைக் கொடுத்துவிட்டோம், கடமை தீர்ந்தது என்று அவர் அமையவில்லை. எழுபது வயதைக் கடந்த நிலையிலும் அப்பொருள்கள் அனைத்துக்கும் விளக்கப்பட்டியல் எழுதும் பணியில் ஈடுபட்டார். அது நூலாக வெளிவருவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1912ஆம் ஆண்டு டிசம்பரில் தமது எழுபத்தெட்டாம் வயதில் காலமானார். பட்டியல் 1914ஆம் ஆண்டிலும், அவற்றின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916ஆம் ஆண்டிலும் அச்சாயின.

அத்திரம்பாக்கத்துக் கருவிகள் எத்தனை ஆண்டுப் பழமையுடையன? இவ்வினாவுக்குப் பூட் விடை காணவில்லை; ஆண்டைக் கணக்கிடும் முறை எதுவும் அந்நாளில் இல்லை. 1999ஆம் ஆண்டு தொடங்கிச் சாந்தி பப்பு என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் அவ்வூரில் பல்லாண்டுகள் அகழ்ந்தனர். செம்பூறாங்கல் சரளைக்கும் கீழே, களிமண் படிவினுள்ளும் கருவிகள் இருந்தன. மண்ணில் புதையுமுன் விண்கதிர் பட்டதனால் கல்லுக்குள் தோன்றிய அணுக்கள், புதைந்தபின் எவ்வளவு தேய்ந்துள்ளன என்று அளந்து அவற்றின் வயதைக் கணித்தனர். ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்னும் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்விடத்திலேயே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னர் கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியது என்பது 2018ஆம் ஆண்டில் தெரியவந்தது.

அத்திரம்பாக்கத்து ஓடை இன்றும் இருக்கின்றது. மழைக்காலத்தில் நீர் பெருகிக் கரையை அரிக்கின்றது. நீர் வடிந்தபின், தழும்பேறிய கற்கள் சில புதியனவாக வெளியே தலைகாட்டிக் கிடக்கின்றன.