நிக்கலாய் அஷ்மாரினும் சுவாஷ் மொழியாய்வும்

வோல்கா ஆற்றின் நடுப்பகுதியில் வழங்கும் சுவாஷ், துருக்கிய மொழிக்குடும்பத்தின் ஓகுர் கிளையில் இன்று எஞ்சியுள்ள ஒரே மொழியாகும். பிற துருக்கிய மொழியினர்க்கு இஃது எளிதில் விளங்குவதன்று. அதனால் இதன் குடும்பம் எதுவென்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐயத்திற்குரியதாக இருந்தது. துருக்கியமயமான பின்னிய மொழி என்று கருதியோரும் உளர். இம்மொழிக்குத் தம் வாழ்நாளை ஒப்படைத்த நிக்கலாய் இவானவிச் அஷ்மாரின் (1870–1933) பிறப்பால் ரஷ்யர். சுவாஷ் ஊர்கள் சூழ்ந்த யாத்ரின் நகரில் பிறந்தமையால் இளமையிலேயே அம்மொழியைச் செவிவழி அறிந்தார்.

மாஸ்கோவின் லாசரெவ் கீழ்த்திசை மொழி நிறுவனத்தில் அரபு, பாரசீகம், துருக்கி ஆகியவற்றைப் பயின்று 1894இல் கல்வியை முடித்தார். பின்னர்க் கசானில் ஆசிரியப் பணி ஏற்றார். 1898இல் வெளிவந்த அவரது முதல் பெருநூல் சுவாஷின் ஒலியியலையும் உருபனியலையும் விரித்துரைத்தது. தொடரியல் ஆய்வின் முதற்பகுதி 1903இலும் இரண்டாம் பகுதி 1923இலும் வந்தன.

சுவாஷின் தனித்தன்மை அதன் ஒலி ஒப்புமைகளில் தெளிவாகப் புலப்படும். பிற துருக்கிய மொழிகளில் ஒலிப்புடைய ஸகரம் வருமிடத்தில் சுவாஷில் ரகரமும், ஷகரம் வருமிடத்தில் லகரமும் வரும். துருக்கியில் நூறு 'யூஸ்', பெண் 'கிஸ்', குளிர்காலம் 'கிஷ்'. சுவாஷில் அவை முறையே 'ஷெர்', 'ஹெர்', 'ஹெல்'. வோல்கா பல்கர்களின் கல்லறைக் கல்வெட்டுகளிலும் நூறு என்னும் எண்ணுப்பெயர் ரகர ஈற்றிலேயே காணப்படுகிறது. அரபு எழுத்தில் அமைந்த அக்கல்வெட்டுகளைச் சுவாஷ் வழியே படிக்கலாம் என்று 1863இல் முதலில் காட்டியவர் ஹுசைன் ஃபெய்ஸ்ஹானவ். அஷ்மாரின் 1902இல் வெளியிட்ட பல்கர்களும் சுவாஷியரும் பற்றிய நூல் அச்சான்றுகளை விரிவாக்கி, சுவாஷைப் பல்கர் மொழியின் வழிவந்ததாக நிறுவ முயன்றது. மொழியுறவு பற்றிய அவரது முடிவு பெரிதும் நிலைபெற்றது. ஆயினும் மொழியின் வழி வேறு, மக்களின் வழி வேறு. பல்கர் மரபுக்கு உரியோர் தாத்தாரியரா சுவாஷியரா என்ற பூசல் அந்நூலோடு முடியவில்லை.

அவரது ஆய்வுகளுள் ஒலிக்குறிப்புச் சொற்கள் பற்றியது தமிழாய்வாளர்க்குத் தனிச்சுவை பயப்பது. இரட்டைக்கிளவியை இலக்கணப் பொருளாகவே கொண்ட மரபினர்க்கு, ஓசையையும் ஒளியையும் அசைவையும் குறிக்கும் சுவாஷ்ச் சொற்களை அவர் 1918இல் தனித்துறையாக வகுத்தது வியப்பளிக்காது. அக்கால ஐரோப்பிய மொழியியலில் அஃது அரிய முயற்சியே.

1920களில் சில காலம் பாக்கூவில் பணியாற்றி அசர்பைஜான் மொழியின் நூகா வட்டார வழக்கையும் ஆராய்ந்தார்.

எனினும் அவர் பெயர் நிலைப்பது அகராதியால். ஊர்ப்புற ஆசிரியர்களும் மாணவர்களும் திரட்டியனுப்பிய சொற்கள், பாடல்கள், சடங்குக் குறிப்புகள், இடப்பெயர்கள், கிறித்தவம் பரவுமுன் வழங்கிய ஆட்பெயர்கள் யாவும் அதில் இடம்பெற்றன. பொருள் ரஷ்யத்திலும் இலத்தீனிலும் தரப்பட்டது. 1910இலும் 1912இலும் இரு பகுதிகள் வந்தபின் அச்சுப்பணி நின்றது. 1928இல் முதலிலிருந்தே மீண்டும் தொடங்கிற்று. அவர் 1933இல் கசானில் மறைந்தபோது பெரும்பாலான தொகுதிகள் கையெழுத்து நிலையிலேயே இருந்தன. பதினேழாம் தொகுதி வெளிவந்தது 1950இல்.