கேட்பவருக்காகப் பேசிய திரு.வி.க.

சென்ற தவணையில், வேலையிடப் பாதுகாப்பு பற்றி வகுப்பில் ஒரு படைப்பு செய்ய வேண்டியிருந்தது. முதல் நாள் இரவு அப்பாவை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். அவர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஷிப்ட் வேலை செய்பவர். பதினைந்து ஸ்லைடுகளையும் ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, அதில் என்ன சொன்னேன் என்று மெல்லக் கேட்டார். அவருடைய வேலையைப் பற்றித்தான் பேசினேன், அவருக்கே புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திரு.வி.க.வின் வாழ்க்கையைப் படித்தேன். தமிழ்ப்பள்ளியில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். மேடையில் நின்று பேச வேண்டிய ஒவ்வொரு மாணவருக்கும் அவரிடம் ஒரு பாடம் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

திருவாரூர் வி. கலியாணசுந்தரனார் 1883 ஆகஸ்ட் 26-ஆம் நாள் சென்னைக்கு அருகே துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதில் நோயால் கைகால்கள் முடங்கி, சில ஆண்டுகள் பள்ளிக்கே போக முடியவில்லை. தேறி வந்து சென்னை வெஸ்லி பள்ளியில் சேர்ந்தபோது, யாழ்ப்பாணத்தவரான நா. கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழாசிரியராக அமைந்தார். அந்த ஆசிரியர்மேல் நீதிமன்றத்தில் வழக்கு ஒன்று நடந்தது. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனதால் திரு.வி.க. தேர்வைத் தவறவிட்டார். பள்ளிப்படிப்பு அதோடு நின்றது. பட்டம் இல்லை, ஆனால் படிப்பை விடவில்லை. ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தார், பின்னர் ஆசிரியரானார். 1917-இல் அந்த வேலையையும் விட்டு 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியரானார். 1920 முதல் 'நவசக்தி'யை நடத்தினார்.

அக்காலச் சென்னையில் அரசியல் கூட்டம் என்றாலே பெரும்பாலும் ஆங்கிலம்தான். ஜி. சுப்பிரமணிய ஐயர், சுப்பிரமணிய சிவா போன்ற சிலர் தமிழில் பேசி வழி காட்டியிருந்தார்கள். அந்த வழியை அகலப்படுத்தியவர்களில் முதன்மையானவர் திரு.வி.க.

1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. தலைவர் பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேசுபவர். கேட்பவர்களோ பெரம்பூர்ப் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள். மதியச் சோறு சாப்பிடக்கூடப் போதிய நேரம் கிடைக்காதவர்கள். திரு.வி.க. அந்த மேடையில் தமிழில் பேசினார். ஆங்கிலத்தில் சொல்லப்பட்டதை அவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். இலக்கியம் கரைத்துக் குடித்தவர் அவர். தன் புலமையைக் காட்ட அந்த மேடையைப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது அதுவல்ல. தங்கள் கூலியும் உரிமையும் என்ன என்பதுதான்.

அதற்கு விலையும் இருந்தது. 1921-இல் ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆளுநர் வில்லிங்டன் அவரை நாடு கடத்தப் போவதாக எச்சரித்தார். 1947-இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகும், தொழிலாளர் போராட்டத்தின்போது வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

மேடையில் அவருக்குக் கைதட்டல் மட்டுமே கிடைத்தது என்று சொல்ல முடியாது. 1925-இல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். வகுப்புரிமைத் தீர்மானத்தை அவர் அனுமதிக்காததால் பெரியார் வெளியேறினார். அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

முதுமையில் கண்பார்வை போனது. அப்போதும் வாயால் சொல்லிச் சொல்லி நூல்களை எழுத வைத்தார். 1953 செப்டம்பர் 17-ஆம் நாள் மறைந்தார். தமிழ்த்தென்றல் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

இதைப் படித்த பிறகு அப்பாவிடம் மறுபடியும் போனேன். இந்த முறை ஸ்லைடு இல்லை. இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்ட வேண்டும் என்று தமிழில் சொன்னேன். அப்பா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். பூட்டினால் மட்டும் போதாது, சாவி வேலை செய்பவனின் சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் தெரியாமல் வேறு யாராவது திறந்துவிடுவார்கள் என்றார். என் பதினைந்து ஸ்லைடுகளில் அந்தச் சாவி எங்கேயும் இல்லை.

வகுப்பில் ஆங்கிலத்தில்தான் பேசினேன். அது பாடத்தின் விதி. ஆனால் சாவியிலிருந்து தொடங்கினேன். ஸ்லைடைப் பார்த்துப் படிக்காமல், எதிரே இருந்தவர்களைப் பார்த்துப் பேசினேன். அடுத்த முறை நீங்கள் படைப்பு செய்யப் போகும்போது, ஸ்லைடு தயாரிக்கும் முன், கேட்கப் போகிறவர் யார், அவருக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முடிந்தால், அந்த வேலையைத் தினமும் செய்கிற ஒருவரிடம் முதலில் பேசிக் காட்டுங்கள்.